மீனுக்குச் சரிவராத தூள்

படத்தில் சுகந்தினி அழுதுகொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன, கன்னம் நனைந்திருந்தது. தோளில் கிடந்த துவாயின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் புகைக்கு நடுவே நின்றாள். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணீரில் வறுத்த தூள்’ என்று போட்டிருந்தது.

கௌசலா மில்லின் கதவைத் திறந்துவிட்டு, வாசலில் நின்றபடியே அதைப் போனில் வாசித்தாள். ‘போர் இவளிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தது. இவள் வறுப்பது மிளகாயை அல்ல, தன் துயரத்தை. ஒரு பைக்கற் வாங்குங்கள், ஒரு கண்ணீரைத் துடையுங்கள்.’ அதன் கீழே அவளுடைய மில்லின் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

அந்தப் படத்தை எடுத்தவள் கௌசலாதான். வறுக்கிற கொட்டிலுக்குப் புகைபோக்கி வைக்க வேண்டும், புகை எப்படி அடைக்கிறது பாரும் என்று காட்டுவதற்காகக் கணவனின் தம்பி கிருசாந்தனுக்கு அனுப்பியிருந்தாள். கிருசாந்தன் சுவிஸில் இருந்தான். உடையார்கட்டில் ஊராரின் மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணி, தானே தூள் செய்து பைக்கற் போட்டு விற்கத் தொடங்கியபோது, அதற்கொரு வலைப்பூ வேண்டும் என்று சொல்லி உருவாக்கிக் கொடுத்தவனும் அவன்தான். கௌசலா படங்களையும் விவரங்களையும் அனுப்புவாள். அவன் ஓய்வு கிடைக்கும்போது எழுதிப் போடுவான். இதுவரை அவன் எழுதியவற்றைப் பத்துப் பதினைந்து பேர் வாசித்திருப்பார்கள். அவர்களிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

சுகந்தினி சைக்கிளில் வந்து இறங்கினாள். தூளுக்கு வேண்டிய எல்லாவற்றையும் வறுப்பது அவள்தான். மில் தொடங்கிய காலத்திலிருந்து கௌசலாவோடு நிற்கிறாள். கௌசலா போனை நீட்டினாள். சுகந்தினி வாசித்து முடித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அக்கா, நான் எங்க அழுதனான்? உது அண்டைக்குச் செத்தல் மிளகாய் கமறினது.”

“எனக்குத் தெரியும்.”

“எங்கட அண்ணனை இழந்தனாங்கள், அது உண்மைதான். அதுக்காக மிளகாய்ப் புகையிலயே அழுறது?” என்றவள் சட்டென்று சிரித்துவிட்டாள். கௌசலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கிருசாந்தனுக்குப் போன் எடுப்பதற்குள் ஓடர்கள் வரத் தொடங்கிவிட்டன. முதலில் கனடாவிலிருந்து வந்தன, பிறகு நோர்வே, லண்டன், அவுஸ்திரேலியா. மத்தியானத்துக்குள் போன் சூடாகிவிட்டது. கௌசலாவின் கணவன் ஜெயந்தன் வயலிலிருந்து வந்து விசயத்தைக் கேட்டதும், சாப்பிடாமலே புதுக்குடியிருப்புக்குப் போய் இன்னும் இரண்டு மூட்டை செத்தல் மிளகாய் ஏற்றிக்கொண்டு வந்தான்.

“இஞ்சேருங்கோ, உது சரியில்லை,” என்றாள் கௌசலா.

“சரியில்லைதான். ஆனா ஓடர் வருகுதெல்லோ. முதல்ல அனுப்பி முடிப்பம், பிறகு யோசிப்பம்.”

சுகந்தினியும் அப்படித்தான் சொன்னாள். “இருக்கட்டும் அக்கா. வேலை வருகுது. படத்தில நிண்டு நான் என்ன, குறைஞ்சா போயிட்டன்?”

அவள் சொன்னதால் கௌசலா பதிவை அப்படியே விட்டாள். அடுத்து வந்த நாள்களில் மில் ஓயவில்லை. சுகந்தினி வறுக்கிற தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. மல்லி, செத்தல், மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்துக் கொட்டினாள். கௌசலா அரைத்து, அரித்து, ஆறவிட்டுப் பைக்கற்றில் அடைத்தாள்.

பார்சல்களுக்கு விலாசம் எழுதும்போதுதான் அவள் செய்திகளை நிதானமாக வாசித்தாள். நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘தூளை அனுப்பிக் கஷ்டப்பட வேண்டாம், நீங்களே வைத்திருங்கோ. ஒரு உதவியாகத்தான் செய்தது.’ கனடாவிலிருந்து ஒரு பெண்: ‘நாங்கள் வீட்டில் பெரிதாகச் சமைப்பதில்லை. அந்தச் சகோதரிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.’ இன்னொருவர் தூளைப் பக்கத்தில் ஏதாவது அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். கௌசலா இன்னும் தேடிப் பார்த்தாள். தூள் எப்படி இருக்கும், உறைப்பா, எந்தக் கறிக்குப் போடலாம் என்று அத்தனை பேரில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

கன்னத்தில் அறை வாங்கியது போல அவளுக்கு இருந்தது. பெருஞ்சீரகம் கூடினால் என்ன, வெந்தயம் குறைந்தால் என்ன என்று எத்தனை தடவை மாற்றி மாற்றிப் பார்த்து, தன் நாக்குக்குப் பிடிபட்ட பிறகுதான் விற்க வெளிக்கிட்டவள் அவள். அந்தத் தூள் இப்போது வேண்டாமாம்.

வெள்ளிக்கிழமை சுகந்தினி புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போய்வந்தாள். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நேரே மில்லுக்குள் வந்தாள். முகம் கடுத்துப்போயிருந்தது.

“வெளிநாட்டால லீவில வந்த ஒரு அம்மா என்னை அடையாளம் பிடிச்சிட்டா. கையைப் பிடிச்சுக்கொண்டு அழுறா அக்கா. சனம் எல்லாம் திரும்பிப் பாக்குது. பிறகு பேர்சைத் திறந்து காசை என்ர கையுக்குள்ள திணிக்கிறா. நான் கையை இழுத்துக்கொண்டு வந்திட்டன்.”

“அவா நல்ல எண்ணத்தில…”

“நல்ல எண்ணம்தான். ஆனா தூளைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நான் மல்லி வறுத்தா அந்த மணத்துக்கு ரோட்டில போற சைக்கிள் நிக்கும். அது ஒருத்தருக்கும் தெரியாது. நான் அழுறதுதான் தெரியும்.” அவள் துவாயை உதறித் தோளில் போட்டாள். “அதை எடுத்துவிடச் சொல்லுங்கோ அக்கா.”

கௌசலா உடனே கிருசாந்தனை அழைத்தாள்.

“தம்பி, அந்தப் பதிவை அழியும்.”

“அண்ணி, என்ன கதைக்கிறியள்? இப்பதான் சூடு பிடிச்சிருக்கு. கதை இருந்தாத்தான் பொருள் விக்கும். இது மார்க்கெட்டிங்.”

“எங்கட தூளை வேண்டாம் எண்டு எழுதியிருக்கினம். அது விக்கிறதோ?”

“காசு வந்ததுதானே.”

“ஒருக்கா இரங்கிப்போட்டுப் போற சனம் திரும்பி வருமே? குழம்பு ருசிச்சாத்தான் வரும். இரக்கத்துக்கு வாறவை நாளைக்கு இதைவிடப் பாவமான ஒரு படத்தைக் கண்டா அங்க போயிடுவினம்.”

“நான் உங்களுக்கு நல்லதுக்குத்தான் செய்தனான்.”

“தெரியும் தம்பி. நீர் இல்லாட்டி இந்தப் புளொக்கே இல்லை. ஆனா இனி நான் எழுதிறன். பாஸ்வேட்டைத் தாரும்.”

“நீங்களோ? அண்ணி, குழம்பு வைக்கிற மாதிரி இல்லை உது.”

“குழம்பு வைக்கிறது லேசெண்டு ஆர் சொன்னது?” என்றாள் கௌசலா. கிருசாந்தன் சிரித்துவிட்டுப் பாஸ்வேட்டை அனுப்பினான்.

அன்று பின்னேரமே அந்தப் பதிவு காணாமல் போனது. தூள் வேண்டாம் என்று எழுதிய எல்லாருக்கும் பார்சல் போனது. ஒவ்வொன்றுக்குள்ளும் கௌசலா ஒரு துண்டு வைத்தாள்: ‘காசு தந்தனியள், தூள் உங்கட. சமைச்சுப் பாத்திட்டு எப்பிடி எண்டு எழுதுங்கோ.’

பிறகு அவள் எழுத உட்கார்ந்தாள். பேசினால் போன் தானே எழுதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் ‘தாச்சி’ என்றால் அது ‘தூங்காச்சி’ என்று எழுதியது. அதை விட்டுவிட்டு ஒரு விரலால் குத்திக் குத்தி எழுதினாள். எப்படித் தொடங்குவது என்று யோசித்தபோது, மில்லுக்கு வருகிற பெண்களோடு என்ன கதைப்பாளோ அதையே எழுதலாம் என்று தோன்றியது.

‘தூளை எப்போது போடுகிறீர்கள்? வெங்காயம் வதங்கும்போதா, தேங்காயின் தண்ணிப்பால் விட்ட பிறகா? நான் பால் கொதித்த பிறகு போடுகிறவள். எண்ணெய்யில் போட்டால் எங்கள் தூள் கருகிக் கைக்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே நன்றாக வறுபட்டது. நீங்கள் வேறு மாதிரிச் செய்தால் எழுதுங்கள். சண்டை பிடிப்போம்.’

சண்டை பிடிக்க ஆள் வந்தது. எண்ணெய்யில் போட்டால்தான் நிறம் வரும் என்று மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் எழுதினாள். முதற்பாலோடு போடுகிறவளும் இருந்தாள். ஆனால் ஓடர்கள் சட்டென்று விழுந்துவிட்டன. ஜெயந்தன் ஏற்றி வந்த செத்தல் மூட்டைகள் மூலையில் அப்படியே கிடந்தன. அவன் ஒவ்வொரு நாளும் அவற்றைப் பார்த்துக்கொண்டே கடந்து போனான்.

“பேசாமல் விட்டிருக்கலாம்,” என்றான் ஒருநாள்.

“விளைச்சல் வரமுதல் வயலைத் தூக்கி எறியிறனியளே?” என்று கேட்டாள் கௌசலா.

அவள் வாரந்தோறும் எழுதினாள். செத்தலைக் காம்போடு வறுப்பதா, காம்பை முறித்து வறுப்பதா என்று எழுதினாள். கத்தரிக்காய்ப் பால்கறிக்கு இந்தத் தூளே வேண்டாம், பச்சை மிளகாய் போதும் என்றும் எழுதினாள். அதை வாசித்த கிருசாந்தன் தலையில் கைவைக்கும் படமொன்றை அனுப்பினான். ஒரு தடவை மட்டும் உற்சாகம் மிஞ்சி, ‘மீன், இறைச்சி, மரக்கறி எல்லாவற்றுக்கும் எங்கள் ஒரே தூள் போதும்’ என்று போட்டாள். அதற்கு வந்த பின்னூட்டம் இது:

‘நான் மாங்குளத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். உங்கட தூள் ரெண்டு பைக்கற் எடுத்தனான். ஆட்டிறைச்சிக்குத் திறம். மீனுக்குப் போட்டு ஒரு சட்டி குழம்பு வீணாப் போச்சு. பெருஞ்சீரகம் மீனை விழுங்கிப்போட்டுது. எல்லாத்துக்கும் சரி எண்டு எழுதினது பிழை. இராசமலர்.’

கௌசலா அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கொட்டிலுக்கு ஓடினாள்.

“சுகந்தினி! ஒருத்தி சாப்பிட்டிருக்கிறா!”

சுகந்தினி வாங்கி வாசித்தாள். “அக்கா, அவா திட்டியிருக்கிறா.”

“ஓம். எவ்வளவு வடிவாத் திட்டியிருக்கிறா பார். பெருஞ்சீரகம் எண்டு குறிப்பாச் சொல்லியிருக்கிறா.”

ஜெயந்தன் எட்டிப் பார்த்தான். “அதை அழியுமப்பா. சனம் பாக்கப்போகுது.”

“பாக்கட்டும். நாளைக்கு நாங்கள் மாங்குளம் போறம்.”

மறுநாள் காலை கௌசலாவும் சுகந்தினியும் புதுக்குடியிருப்பில் பஸ் மாறி, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் போய்ச் சேர்ந்தார்கள். சந்தியில் விசாரித்ததும் கடையைக் காட்டினார்கள். ரயில் ஸ்ரேசனுக்குப் போகிற பக்கம், தகரக் கூரை, வாசலில் லொறிகள். உள்ளே கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. உயரமாய், மெலிந்து, நரைத்த தலையைக் கொண்டையாக முடிந்திருந்த பெண் ஒருத்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இராசமலர் அவள்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

“நான் உடையார்கட்டுக் கௌசலா,” என்றாள் கௌசலா. “தூள்.”

இராசமலர் அகப்பையோடு நிமிர்ந்தாள். “சண்டைக்கு வந்தனியளோ?”

“இல்லையக்கா. மீன் சாப்பிட வந்தனாங்கள்.”

இராசமலர் அவர்களை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இருங்கோ,” என்றாள்.

சற்று நேரம் கழித்து இரண்டு தட்டில் சோறு வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமாகக் குழம்பு விட்டிருந்தாள். இரண்டும் இரணைமடுக் குளத்து விரால். “இது என்ர கைத்தூள். மற்றது, மிச்சம் இருந்த உங்கட தூளில இப்ப ஒரு சின்னச் சட்டியில வைச்சது. சாப்பிட்டுப் பாருங்கோ.”

கௌசலா முதலில் தன் தூளில் வைத்ததைச் சாப்பிட்டாள். குழம்பு நல்ல குழம்புதான், மணமும் இருந்தது. ஆனால் மீன் எங்கே போனதென்று தெரியவில்லை. மற்றப் பக்கத்தைத் தொட்டதும் விராலின் ருசி நாக்கில் ஏறியது. அவள் கொஞ்ச நேரம் நிமிராமலே சாப்பிட்டாள்.

“என்ன?” என்று கேட்டாள் இராசமலர்.

“நீங்கள் சொன்னது சரி. நாங்கள் வீட்டில கடல் மீன்தான் கூடச் சமைக்கிறது. அது தாங்கும். குளத்து மீன் தாங்காது.”

“கடல் மீனும் எல்லாம் தாங்காது.”

“உங்கட தூளில மிளகு கூட, என்ன?” என்று இடையில் கேட்டாள் சுகந்தினி. “வெந்தயமும் இன்னும் கொஞ்சம் கறுக்க வறுத்திருக்கிறியள். ஆனா மல்லி போதாது. அவசரத்தில இறக்கியிருக்கிறியள்.”

இராசமலர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். “எனக்கு நூறு பேருக்குச் சமைக்க வேணும் பிள்ளை. மல்லிக்குப் பக்கத்தில நிண்டுகொண்டிருக்க நேரமில்லை. அதுதான் பைக்கற்றில வாங்குவம் எண்டு பாத்தனான்.”

“அப்ப நான் நிக்கிறன்,” என்றாள் சுகந்தினி.

மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு குசினி அவர்களுடையதானது. சுகந்தினி இராசமலரின் தாச்சியில் மல்லி வறுத்தாள். கௌசலா பெருஞ்சீரகத்தை நன்றாகக் குறைத்து, மிளகைக் கூட்டினாள். கிரைண்டரில் அரைத்து முதல் குழம்பு வைத்தார்கள். பிந்திச் சாப்பிட வந்த லொறிச் சாரதி ஒருவருக்கு அதைக் கொடுத்தபோது அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, இருமி, தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார்.

“மிளகு கூடிப்போச்சு,” என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அடுத்த தடவை மிளகைக் குறைத்து, நற்சீரகம் கொஞ்சம் சேர்த்தார்கள். இராசமலர் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். திரும்பவும் எடுத்தாள்.

“இதை மீனுக்கு எண்டு சொல்லலாம்,” என்றாள்.

கௌசலா போனை எடுத்தாள். “அக்கா, இந்தக் கதையைப் புளொக்கில போடட்டே? உங்கட பேரும், கடையும், படமும். நீங்கள் ஓம் எண்டாத்தான்.”

“என்ன எழுதப்போறியள்?”

“நடந்ததை.”

“அப்ப போடுங்கோ. ஆனா நான் சிரிச்சுக்கொண்டு நிக்க மாட்டன். வேலை நேரம்.”

படத்தில் இராசமலர் அகப்பையை ஓங்கிப் பிடித்தபடி கமராவை முறைத்தாள். பக்கத்தில் சுகந்தினி தாச்சியைக் கிளறிக்கொண்டு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதிவுக்குக் கௌசலா வைத்த தலைப்பு: ‘எங்கள் தூள் மீனுக்குச் சரியில்லை என்றார் இராசமலர். சரியாகத்தான் சொன்னார்.’ என்ன பிழை, ஏன் பிழை, எதை மாற்றினோம், சாரதி எப்படி இருமினார் என்று எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில், மீனுக்கென்று தனித் தூள் தயார், பழையதை இறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தாள்.

கிருசாந்தன் உடனே போன் எடுத்தான். “அண்ணி, உலகத்தில ஆரும் தன்ர பொருளைப் பிழை எண்டு தலைப்பு வைப்பினமே?”

“பிழை எண்டது உண்மைதானே. பொறுத்துப் பாரும்.”

அதிகம் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. குளத்து மீன் தின்கிற ஊர்க்காரர்கள் முதலில் எழுதினார்கள். வவுனியாவில் ஒரு கடைக்காரர் இரண்டு தூளிலும் கேட்டார். மட்டக்களப்புப் பெண், எண்ணெய்யில் போடுகிற தன் கட்சியை விடாமலே, மீன் தூள் ஓடர் செய்தாள். பிறகு ஒருநாள் நோர்வேயிலிருந்து செய்தி வந்தது. தூளை அனுப்ப வேண்டாம் என்றவர்தான் எழுதியிருந்தார்: ‘நீங்கள் அனுப்பியதை வீணாக்காமல் கோழிக்குப் போட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் திரும்பவும் அதே கறி கேட்கிறார்கள். இறைச்சித் தூள் இன்னும் வேண்டும். மீன் தூளும் அனுப்புங்கள், இங்கே உள்ள மீனுக்குச் சரிவருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.’

கௌசலா அதைக் கிருசாந்தனுக்கு அனுப்பினாள். அவனிடமிருந்து அழைப்பு வந்தது. “சுகந்தினியக்காவிட்ட போனைக் குடுங்கோ,” என்றான்.

சுகந்தினி வாங்கிக் காதில் வைத்தாள். அவன் நெடுநேரம் ஏதோ சொன்னான். அவள் “ம்” என்றாள், “பரவாயில்லை” என்றாள். கடைசியில், “தம்பி, இனி என்ர படம் போடுறதெண்டா என்னட்டைக் கேட்டிட்டுப் போடும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிப்பன்,” என்றாள்.

மூலையில் கிடந்த மூட்டைகள் கரைந்தன. ஜெயந்தன் அடுத்த கிழமை தானே புகைபோக்கிக்கு ஒரு தகரக் குழாய் வாங்கி வந்து, ஏணி வைத்துக் கூரையில் ஏறினான். மாங்குளத்துக்குப் போகிற பஸ்ஸில் வாரம் ஒருமுறை ஒரு பை ஏறியது. சந்தியில் கொண்டக்டர் அதை இறக்கிக் கொடுப்பார். இராசமலர் எப்போதாவது போன் எடுத்து, இந்தத் தடவை வெந்தயம் கொஞ்சம் தூக்கல் என்பாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாக இருக்கும். சரியில்லாதபோது கௌசலா விடமாட்டாள்.

மாரி தொடங்கியபோது வலைப்பூவில் சுகந்தினி எழுதிய முதல் பதிவு வந்தது. மல்லி வறுப்பது பற்றியது. கௌசலா அதில் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினாள். பதிவுக்குக் கீழே கொழும்பிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: ‘எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும்?’

“நீங்கள் பதில் போடுங்கோ அக்கா.”

“உன்னட்டைத்தானே கேட்டிருக்கிறா. நீயே போடு.”

சுகந்தினி துவாயில் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தட்டினாள். முடித்ததும் கௌசலாவிடம் நீட்டினாள்.

‘நிமிசம் பாக்காதேங்கோ. பச்சை மணம் போய், பிறகு ஒரு இனிப்பு மணம் வரும். அது வந்து கொஞ்சத்தால மல்லி தாச்சிக்குள்ள லேசா வெடிக்கும். அப்ப இறக்குங்கோ. ரெண்டு மூண்டு தரம் கருகும், பரவாயில்லை, பழகும். அதுவரைக்கும் சமைக்காமல் இருக்கேலாதெல்லோ, எங்களிட்டை வாங்குங்கோ. மீனுக்கோ இறைச்சிக்கோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.’

“அனுப்பட்டே?” என்று கேட்டாள்.

“அனுப்பு,” என்றாள் கௌசலா, மில்லின் சுவிச்சைப் போட்டபடி.